பழைய கே.வி.எம். பெட்டியும் புது வயர்லெஸ் கீபோர்டும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். மேசைக்கடியில் நான்கு கணினிகள். நடுவில் சின்னதாக ஓர் இரும்புப் பெட்டி, முன்பக்கம் நான்கு பொத்தான், நான்கு விளக்கு. ஒரே கீபோர்டு, மானிட்டர், மவுஸைக் கணினிக்குக் கணினி மாற்றிக் கொடுக்கும் கே.வி.எம். (கீபோர்டு, வீடியோ, மவுஸ்) பெட்டி அது, பத்துப் பதினைந்து வருடமாக ஒரு தொந்தரவும் கொடுக்காமல் உழைத்தது. பழைய கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், ஸ்பேஸ் பாரும் ஒரு பக்கமாகச் சிக்க ஆரம்பித்ததும், புதிதாக ஒரு வயர்லெஸ் ஜோடி வாங்கி வந்து, அதோடு வரும் குட்டி யு.எஸ்.பி. ரிசீவரைப் பெட்டியில் செருகுகிறோம். ஒன்றும் நடப்பதில்லை. அல்லது பாதி நடக்கிறது. அது இன்னும் எரிச்சல்.

பெட்டி செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். நான் பார்த்தவரை பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும், கீபோர்டும் நன்றாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் இடையே பேச்சுதான் ஒத்துவராமல் போயிருக்கும். அந்தப் பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலும் செலவில்லாமலோ சின்னச் செலவிலோ வேலை முடிந்துவிடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

கே.வி.எம். வெறும் சுவிட்ச் அல்ல. நாம் ஒரு கணினியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மற்ற மூன்றும் தங்களுக்கும் கீபோர்டு இருப்பதாக நம்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகப் பெட்டிக்குள் இருக்கும் சிப், கணினிகளிடம் 'நான்தான் கீபோர்டு, நான்தான் மவுஸ்' என்கிறது. இந்தப் பக்கம் நம் கீபோர்டிடம் 'நான்தான் கணினி' என்கிறது. இதை எமுலேஷன் என்பார்கள்.

ஆக, நம் புது ரிசீவர் பேசுவது விண்டோஸோடு அல்ல, அந்தச் சிப்போடு. விண்டோஸுக்கு ஆயிரம் வகைச் சாதனம் தெரியும். சிப்புக்குத் தெரிந்ததெல்லாம் அது செய்யப்பட்ட காலத்துக் கீபோர்டும் மவுஸும்தான்: ஒரு வயருக்கு ஒரு சாதனம். கீபோர்டு என்றால் ஒரு தடவைக்கு 8 பைட் வரும். ஷிஃப்ட், கன்ட்ரோல் வகையறாவுக்கு ஒரு பைட், காலியாக ஒன்று, அழுத்திய விசைகளுக்கு ஆறு. மவுஸ் என்றால் 3 பைட்: பொத்தான்கள், பக்கவாட்டு நகர்வு, மேல்கீழ் நகர்வு. கணினி ஆன் ஆகும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸும் இந்தச் சுருக்கமான மொழியைத்தான் நம்பியிருக்கிறது. இதற்குப் பூட் புரோட்டோகால் என்று பெயர்.

இன்றைய ரிசீவரை ஒற்றைச் சாதனம் என்று சொல்ல முடியாது. விரல்நகம் அளவுக்கு இருந்துகொண்டே, கீபோர்டு ஒரு முகம், மவுஸ் ஒரு முகம், கம்பெனியின் சொந்த மென்பொருளோடு பேச மூன்றாவது முகம் என்று காட்டும். 2009இல் வந்த லாஜிடெக் யூனிஃபையிங் ரிசீவரில் (ஆரஞ்சு நிறக் குறி போட்டிருக்கும்) ஆறு சாதனம் வரை சேர்க்கலாம். கீழே வரும் கோளாறுகளில் பல, இந்த மூன்று முகத்தில்தான் வந்து முடியும்.

கைவைப்பதற்கு முன் மூன்று சோதனை

முதலில் ரிசீவரை நேரே ஒரு கணினியில் செருகுங்கள். விண்டோஸில் வேலை செய்வதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் போதாது. கணினியை மறுபடி ஆன் செய்து பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து, அம்புக்குறி விசைகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். பழைய கணினியாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே வேலை செய்தால் ரிசீவருக்கு அந்தச் சுருக்க மொழி தெரிகிறது என்று அர்த்தம். பெட்டியோடு ஒத்துப்போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. பயாஸிலேயே ஊமையாக நின்றால் பெட்டியைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, சாதாரண வயர் கீபோர்டு ஒன்றைப் பெட்டியில் செருகிப் பாருங்கள். ஒன்றை எங்கிருந்தாவது தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது, கடைசிவரை உதவும். அதுவும் ஓடவில்லையென்றால் கோளாறு பெட்டியிலோ அதன் கேபிளிலோ.

மூன்றாவது, பெட்டியின் சாக்கெட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமான ஆறு முனை சாக்கெட், ஊதாவும் பச்சையுமாக இருந்தால் அது பி.எஸ்-2, யு.எஸ்.பி.க்கு முந்தைய கீபோர்டு, மவுஸ் இணைப்பு. தட்டையான யு.எஸ்.பி. சாக்கெட் என்றால் பக்கத்தில் என்ன படம் போட்டிருக்கிறது என்று கவனியுங்கள். கீபோர்டு படமும் மவுஸ் படமும் இருப்பவை எமுலேஷன் சாக்கெட்டுகள். சில பெட்டிகளில் இவை தவிர, திரிசூலம் போன்ற யு.எஸ்.பி. குறி மட்டும் போட்ட சாக்கெட் ஒன்றிரண்டு இருக்கும், பிரிண்டர், பென் டிரைவ் செருகுவதற்காக. இந்தத் திரிசூலச் சாக்கெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பலமுறை தேவைப்படும்.

பெட்டியில் வட்டச் சாக்கெட். ரிசீவரைப் பச்சை அடாப்டரில் மாட்டிச் செருகினால் ஒரு அசைவும் இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பழைய மவுஸோடு டப்பாவில் வந்த பச்சைக் கட்டை ஒன்று மேசை டிராயரில் கிடக்கும். ஒரு பக்கம் யு.எஸ்.பி., மறுபக்கம் வட்டம். அதை மாட்டினால் யு.எஸ்.பி. பி.எஸ்-2வாக மாறிவிடும் என்று நினைக்கத் தோன்றும். மாறாது.

அந்தக் கட்டையை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிப் எதுவும் இருக்காது, நான்கு கம்பி மட்டும்தான். 5 வோல்ட், கிரவுண்டு, மற்ற இரண்டும் யு.எஸ்.பி.யின் இரண்டு டேட்டா முனைகளிலிருந்து பி.எஸ்-2வின் டேட்டா முனைக்கும் கிளாக் முனைக்கும் போகும். மொழிமாற்றம் செய்தது மவுஸ்தான். அந்தக் காலத்து மவுஸ் பலவற்றுக்கு இரண்டு மொழியும் தெரியும். கரண்ட் வந்ததும் இரண்டு கம்பியையும் பார்க்கும். இரண்டும் மேலே இழுக்கப்பட்டிருந்தால் எதிரில் இருப்பது பி.எஸ்-2, கீழே இழுக்கப்பட்டிருந்தால் யு.எஸ்.பி. அதற்கேற்பப் பேச ஆரம்பிக்கும். இன்றைய குட்டி ரிசீவர்களுக்கு அந்த இரண்டாவது மொழியை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் கட்டையில் மாட்டினால் வாயே திறக்காது. கட்டையை மாற்றி மாற்றி வாங்கிப் பயனில்லை.

இதற்கு ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே சிப் இருந்து, ரிசீவருக்கு யு.எஸ்.பி. கணினியாகவும் பெட்டிக்குப் பி.எஸ்-2 கீபோர்டாகவும் நடிக்கிற சாதனம். வாங்கும்போது திசையைக் கவனியுங்கள். நான் இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கடையில் 'யு.எஸ்.பி. - பி.எஸ்-2 கன்வெர்ட்டர்' என்று கேட்டேன். சிப் வைத்தது என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சிப் இருந்தது உண்மைதான், ஆனால் திசை தலைகீழ். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது, பழைய வட்டப் பிளக் கீபோர்டைப் புதுக் கணினியில் மாட்டுவதற்கானது. நமக்கு வேண்டியது புது ரிசீவரைப் பழைய பெட்டியில் மாட்டுவது.

கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். வயரின் ஒரு நுனியில் யு.எஸ்.பி. பிளக் நீட்டிக்கொண்டு, மறுநுனியில் ஊதா, பச்சை என்று இரண்டு வட்ட ஓட்டைகள் இருந்தால் அது நமக்கு ஆகாது. யு.எஸ்.பி. ஓட்டையும் வட்டப் பிளக்கும் இருப்பதுதான் வேண்டும். அதிலும் கூட்டு ரிசீவரைத் தாங்குமா, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் தனித்தனி வட்டப் பிளக் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே பிளக் இருந்தால் இரண்டில் ஒன்றுதான் போய்ச் சேரும்.

இந்த வகை எளிதில் கிடைப்பதில்லை. சால்டரிங் பழக்கம் உள்ளவர்கள், 2021இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டை வைத்துத் தாங்களே செய்துகொள்ளலாம். அதன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு ஆனவை, பி.எஸ்-2வோ 5 வோல்ட். நடுவில் லெவல் ஷிஃப்டர் (வோல்ட் அளவை மாற்றித் தரும் சின்னச் சர்க்யூட்) வைக்காமல் நேரே இணைக்கக் கூடாது.

இன்னொரு வழி, பழைய சாமான் கடையில் தேடுவது. 2000களின் தொடக்கத்தில் வந்த 27 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் ஜோடிகள் சிலவற்றின் ரிசீவரில் வட்டப் பிளக்கே இருக்கும், பெட்டியோடு ஒத்துப்போகும். ஆனால் தூரம் ஒன்றிரண்டு மீட்டர்தான். அவற்றில் பல, அடிக்கும் எழுத்தைப் பூட்டாமலே காற்றில் அனுப்புபவை. கடவுச்சொல் அடிக்கிற மேசைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வட்டப் பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. யு.எஸ்.பி. போல ஓடும்போதே பிடுங்கிச் செருக வடிவமைத்தது அல்ல இது. பெட்டியையும் கணினியையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். இருட்டில் தடவித் திருகினால் முனை மடங்கிவிடும். பிளக்கின் நடுவில் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை ஒன்று இருக்கிறதே, அதைச் சாக்கெட்டின் நீள்சதுர ஓட்டைக்கு நேரே வைத்து நேராகத் தள்ளுங்கள். முனை மடங்கியிருந்தால் மெல்லிய சாமணத்தால் மெதுவாக நிமிர்த்தலாம், ஒருமுறை. இரண்டாவது முறை ஒடிந்துவிடும்.

யு.எஸ்.பி. பெட்டி; கீபோர்டு ஓடுகிறது, மவுஸ் அசையவே இல்லை

மூன்று முகக் கதையின் நேரடி விளைவு. ரிசீவரைக் கீபோர்டு சாக்கெட்டில் செருகியிருப்பீர்கள். சிப் முதல் முகத்தைப் பார்த்தது, 'சரி, கீபோர்டு' என்று குறித்துக்கொண்டது, அத்தோடு நிறுத்திவிட்டது. மவுஸ் முகத்தை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை. ரிசீவரை மவுஸ் சாக்கெட்டுக்கு மாற்றினால் சில பெட்டிகளில் மவுஸ் ஓடும், கீபோர்டு நின்றுவிடும். சில பெட்டிகளில் இரண்டுமே நின்றுவிடும்.

உங்கள் ரிசீவர் எத்தனை முகம் காட்டுகிறது என்று நீங்களே பார்க்கலாம். நேரே விண்டோஸ் கணினியில் செருகுங்கள், டிவைஸ் மேனேஜரைத் திறந்து கீபோர்டு பட்டியலையும் மவுஸ் பட்டியலையும் விரித்து வையுங்கள். ரிசீவரைப் பிடுங்குங்கள். எத்தனை வரி மறைகிறது என்று எண்ணுங்கள். மவுஸ் மட்டும் வாங்கிய ரிசீவராக இருந்தும் கீபோர்டு பட்டியலிலும் ஒரு வரி மறைந்தால், அது பல முகக்காரன்தான். இரண்டு நிமிட வேலை, இதைச் செய்தபின் மற்றதெல்லாம் ஊகமாக இருக்காது.

தீர்வுகளை நான் முயலும் வரிசையிலேயே சொல்கிறேன்.

திரிசூலச் சாக்கெட் இருந்தால் ரிசீவரை அங்கே மாற்றுங்கள். அங்கே எமுலேஷன் கிடையாது. சாதாரண ஹப் (ஒரு யு.எஸ்.பி. சாக்கெட்டைப் பலவாக்கும் கருவி) போல, எந்தக் கணினி தேர்வாகியிருக்கிறதோ அதோடு ரிசீவரை நேரே இணைத்துவிடும். கீபோர்டு, மவுஸ், வால்யூம் விசை எல்லாம் ஓடும். இதற்கு இரண்டு விலை உண்டு. ஒவ்வொரு முறை கணினி மாறும்போதும் ரிசீவரைப் பிடுங்கிச் செருகியதாகவே கணினி நினைக்கும், அதனால் சில நொடி காத்திருக்க வேண்டும். விசை அழுத்திக் கணினி மாற்றும் வசதியும் போய்விடும், ஏனென்றால் நாம் அடிப்பதை இப்போது சிப் கேட்பதில்லை. பெட்டியின் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இதுவே போதும், இதற்கு மேல் எதையும் தேட வேண்டாம்.

பெட்டியின் அமைப்பில் எமுலேஷனை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். ஏடென் போன்ற கம்பெனிகளின் பல மாடல்களில் மவுஸ் எமுலேஷனை மட்டும் தனியாக அணைக்கலாம். அணைத்தால் மவுஸ் சாக்கெட்டும் திரிசூலச் சாக்கெட் மாதிரி ஆகிவிடும். கீபோர்டு சாக்கெட் பழையபடியே இருப்பதால், அதில் செருகிய கீபோர்டில் விசை அழுத்தி மாற்றுவது கெடாது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

இரண்டும் இல்லையா? ரிசீவரைப் பிரியுங்கள். கீபோர்டுக்கு ஒரு ரிசீவர், மவுஸுக்கு வேறொரு ரிசீவர். ஒரே கம்பெனியின் கூட்டு ரிசீவர் இரண்டு வாங்கிப் பயன் இருக்காது. இரண்டாவதும் மவுஸ் சாக்கெட்டில் முதல் முகமாகக் கீபோர்டைத்தான் காட்டும். மவுஸை மட்டும் தாங்கும், ஒரே முகம் காட்டும் ரிசீவர் வேண்டும். விலை குறைந்த மவுஸ்களில் இது கிடைக்க வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன டிவைஸ் மேனேஜர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்து, கீபோர்டு பட்டியல் அசையாமல் மவுஸ் வரி மட்டும் மறைந்தால், அதுதான் நாம் தேடும் ஆள்.

திரிசூலச் சாக்கெட் இருந்தும் விசை அழுத்தி மாற்றும் வசதி வேண்டுமென்றால், மவுஸை வயர்லெஸாக வைத்துத் திரிசூலச் சாக்கெட்டிலும், கீபோர்டை வயரோடு கீபோர்டு சாக்கெட்டிலும் வையுங்கள். பாதி வயர்தான், ஆனால் நிம்மதி.

இந்த எமுலேஷன் சாக்கெட்டுகளில் நடுவே யு.எஸ்.பி. ஹப் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். பெரும்பாலான பெட்டிகளில் அது ஓடாது. சிப் கீபோர்டைத் தேடும்போது எதிரில் ஹப் நிற்கும், அதை அதற்குத் தெரியாது. தனக்குள்ளேயே ஹப் வைத்திருக்கும் கீபோர்டுகள் பழைய பெட்டிகளில் திணறுவதும் இதனால்தான்.

கர்சர் துள்ளிக் குதிக்கிறது, மூலைக்கு ஓடுகிறது, தானே கிளிக் செய்கிறது

பார்த்தால் பேய் பிடித்தது போலிருக்கும். காரணம் எளிமையானது: பைட் கணக்குத் தப்பிவிட்டது.

பி.எஸ்-2 பெட்டியில் இது இப்படி நடக்கும். சக்கரம் இல்லாத மவுஸ் 3 பைட் அனுப்பும், சக்கரம் உள்ளது 4. மவுஸுக்குச் சக்கரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கணினி ஒரு கதவு தட்டும் முறை வைத்திருக்கிறது. 'நொடிக்கு 200 தடவை சொல், 100 தடவை சொல், 80 தடவை சொல்' என்று மூன்று கட்டளையை அந்த வரிசையிலேயே அனுப்பும். சக்கர மவுஸ் அதைப் புரிந்துகொண்டு தன் அடையாள எண்ணாக 3 என்று பதில் தரும், அதன்பின் 4 பைட்டாக அனுப்பும். பெட்டி இன்னொரு கணினிக்கு மாறும்போது இந்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்றால், மவுஸ் 3 பைட் அனுப்ப, கணினி 4 பைட்டாகப் படிக்கும். நகர்வைப் பொத்தானாகவும் பொத்தானை நகர்வாகவும் எடுத்துக்கொள்ளும். அதுதான் அந்தப் பேயாட்டம். ஆக்டிவ் கன்வெர்ட்டர் வழியாக வயர்லெஸ் மவுஸை மாட்டினாலும், இந்தக் கதவு தட்டலுக்குப் பதில் சொல்ல வேண்டியது கன்வெர்ட்டர்தான். மலிவானவை இங்கே கோட்டை விடும்.

உடனே செய்ய வேண்டியது: கையை மவுஸிலிருந்து எடுங்கள். அசைக்க அசைக்க ஏதோ ஒரு கோப்பு திறக்கும், ஏதோ ஒன்று அழியும். கீபோர்டால் வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை மறுபடி ஆரம்பியுங்கள். நிரந்தரமாகத் தீர்க்க, விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் பி.எஸ்-2 மவுஸின் மேம்பட்ட அமைப்புக்குப் போனால், சக்கரத்தைக் கண்டறிவது பற்றி ஒரு தேர்வு இருக்கும். 'சக்கரத்தைத் தேடு' என்ற பொருளில் இருப்பதை 'சக்கரம் இருப்பதாகவே கொள்' என்ற பொருளில் உள்ளதாக மாற்றுங்கள். சக்கரமே வேண்டாம் என்றால் கண்டறிவதை முழுக்க அணைத்துவிடலாம், 3 பைட்டிலேயே ஓடும். லினக்ஸில் கெர்னல் பதிவைப் பார்த்தால், மவுஸோடு ஒத்திசைவு போய்விட்டது என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருக்கும். அங்கும் மவுஸ் டிரைவருக்கு எந்த வகை என்பதைக் கட்டாயமாகச் சொல்லிவிடலாம்.

யு.எஸ்.பி. பெட்டியில் இதே அறிகுறிக்குக் காரணம் வேறு. பழைய சிப் நகர்வுக்கு 8 பிட் எதிர்பார்க்கும். இன்றைய மவுஸ் பல, துல்லியத்துக்காக 12 அல்லது 16 பிட் அனுப்பும். சுருக்க மொழிக்கு மாறு என்று சிப் கட்டளை தந்தும் ரிசீவர் காதில் வாங்காவிட்டால், அல்லது சிப் கட்டளையே தராவிட்டால், பைட்டுகள் தவறான இடத்தில் போய் உட்காரும். கேமிங் மவுஸ் நொடிக்கு 1000 முறை அனுப்பும் என்பதும் சேர்ந்துகொள்ளும். மவுஸை நேரே கணினியில் மாட்டி, அதன் மென்பொருளில் அந்த வேகத்தை 125க்குக் குறைத்து மவுஸிலேயே சேமித்துக்கொண்டு பாருங்கள். சரியாகவில்லையென்றால் எமுலேஷனை அணைப்பது, அல்லது திரிசூலச் சாக்கெட்.

எழுத்தெல்லாம் அடிக்கிறது, ஆனால் விசை அழுத்தினால் கணினி மாறவில்லை

பல பெட்டிகளில் ஸ்க்ரோல் லாக்கை இரண்டு முறை தட்டினால் அடுத்த கணினிக்குப் போகும். சில பெட்டிகளில் கன்ட்ரோல் இரண்டு முறை. சர்வர் அறைகளில் இருக்கும் ஏவோசென்ட் வகைப் பெட்டிகளில் பிரிண்ட் ஸ்க்ரீன் அழுத்தினால் பட்டியல் திரை வரும்.

இன்றைய சின்ன வயர்லெஸ் கீபோர்டில் ஸ்க்ரோல் லாக் எங்கே? பலவற்றில் இல்லவே இல்லை. சிலவற்றில் எஃப்.என். விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். அப்படி அழுத்தும்போது இரண்டு தட்டலுக்கும் எஃப்.என்.ஐ விடாமல் பிடித்திருங்கள். வாங்கும் முன்பே கீபோர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. வாங்கியாகிவிட்டதென்றால், பழைய வயர் கீபோர்டைச் சற்று நேரம் மாட்டி, மாற்றும் விசையைக் கன்ட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏடென் பெட்டிகள் பலவற்றில் நம்பர் லாக் (Num Lock) விசையைப் பிடித்துக்கொண்டு நம்பர் பகுதியின் கழித்தல் விசையைத் தட்டி விட்டால் அமைப்பு நிலைக்குள் நுழையலாம். அந்த நிலையில் இருக்கிறோம் என்பதைக் கீபோர்டின் லாக் விளக்குகள் மின்னித்தான் காட்டும். வயர்லெஸ் கீபோர்டுகள் பலவற்றில் பாட்டரியை மிச்சம் பிடிக்க அந்த விளக்குகளை வைப்பதில்லை. உள்ளே நுழைந்தோமா இல்லையா என்றே தெரியாமல் அடித்துக்கொண்டிருப்போம். இந்த வேலைக்கு வயர் கீபோர்டுதான் சரி.

விசை இருந்தும், காலையில் முதல் முறை மட்டும் மாறவில்லை, இரண்டாவது முறை மாறுகிறது என்றால் அது பழுதல்ல. வயர்லெஸ் கீபோர்டு சும்மா இருந்தால் தூங்கிவிடும். நீங்கள் தட்டிய முதல் தட்டு அதை எழுப்புவதிலேயே போய்விட்டது, பெட்டிக்கு ஒரு தட்டுதான் போய்ச் சேர்ந்தது. ஷிஃப்டை ஒருமுறை தட்டி எழுப்பிவிட்டு, அப்புறம் இரண்டு தட்டு தட்டுங்கள்.

எழுத்து விடுபடுகிறது, ஒரே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது, கர்சர் இழுத்து இழுத்து நகர்கிறது

இது மொழித் தகராறு அல்ல, காற்றில் வரும் தகராறு. பாட்டரியை மாற்றிப் பார்த்துவிட்டு, ரிசீவர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கே.வி.எம். பெட்டியின் பின்பக்கம், இரும்பு உடம்புக்குப் பின்னால், கேபிள் கத்தைக்கு நடுவில். ரேக்குக்குள் இருந்தால் இரும்புக் கதவும் சேர்த்து. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இவ்வளவு தடை.

பக்கத்தில் யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்கோ அதன் கேபிளோ போனால் இன்னும் மோசம். யு.எஸ்.பி. 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கொட்டும் என்பதை 2012இலேயே இன்டெல் ஓர் ஆய்வறிக்கையில் அளந்து காட்டியிருக்கிறது. தீர்வு ஒரு மீட்டர் யு.எஸ்.பி. 2.0 நீட்டிப்பு கேபிள். ஒரு நுனியைப் பெட்டியில் செருகி, மறுநுனியில் ரிசீவரை மாட்டி மேசைமேல், கீபோர்டுக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள். வயர்லெஸ் கோளாறு என்று என்னிடம் வந்தவற்றில் இந்த ஒரு கேபிளால் தீர்ந்தவை நிறைய.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கணினியை அணைத்ததும் எல்லாம் நின்றுவிட்டது

கரண்ட். பல பெட்டிகள் தனி அடாப்டர் இல்லாமல் கணினிகளிடமிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். நான்கில் மூன்று அணைந்தால் மீதி ஒன்றின் தலையில் எல்லாப் பாரமும். அணைந்த கணினியும் யு.எஸ்.பி.க்குக் கொஞ்சம் கரண்ட் கொடுக்க முடியும், பயாஸில் இ.ஆர்.பி. என்ற மின்சேமிப்பு அமைப்பு ஆன் ஆகியிருந்தால் அதையும் நிறுத்திவிடும். பெட்டியில் அடாப்டர் ஓட்டை இருந்தால் அடாப்டர் போடுங்கள், ஆனால் கண்டதைச் செருக வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவும், நடுமுனை ப்ளஸ்ஸா மைனஸா என்பதும் பொருந்த வேண்டும். வருடக்கணக்கில் சூடாகவே இருந்த பழைய அடாப்டர் தளர்ந்தும் போயிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், பெட்டி ஓடும்போதே.

ரிசீவர் அதிகம் உறிஞ்சாது. ஆனால் வண்ண விளக்கு எரியும் கீபோர்டைப் பெட்டியிலேயே வயர் மாட்டி சார்ஜ் போட்டால் பழைய பெட்டி தாங்காது. சார்ஜை மொபைல் சார்ஜரில் போட்டுக்கொள்ளுங்கள்.

காரணம் புரியாமல் பெட்டி குழம்பி நின்றால்: அடாப்டரைப் பிடுங்கி, கணினிகளுக்குப் போகும் எல்லா கேபிளையும் பிடுங்குங்கள். ஒன்று விட்டாலும் அதன் வழியாகக் கரண்ட் வந்து சிப் அணையாது. பத்து நொடி விட்டு, முதலில் அடாப்டர், பிறகு ரிசீவர், கடைசியில் கணினிகள் ஒவ்வொன்றாக.

மென்பொருளில் ரிசீவரைக் காணோம். வால்யூம் விசை, சக்கரம் ஓடவில்லை

எமுலேஷன் சாக்கெட்டில் இருந்தால் இது இயல்பு. மூன்றாவது முகத்தைச் சிப் கணினிக்குக் காட்டுவதில்லை. வால்யூம் விசை வேறு வகைத் தகவலாகப் போகும், சிப் அதை எறிந்துவிடும். சுருக்க மொழியின் 3 பைட்டில் சக்கரத்துக்கு இடமில்லை. புது மவுஸை ரிசீவரோடு சேர்ப்பது, ரிசீவரின் ஃபர்ம்வேரை (அதன் சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) புதுப்பிப்பது எல்லாவற்றையும் நேரே கணினியில் செருகி முடியுங்கள். யூனிஃபையிங் போன்றவற்றில் சேர்த்த விவரம் ரிசீவருக்குள்ளேயே தங்கிவிடும், பெட்டிக்கு மாற்றினாலும் போகாது.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். 2016இல் மவுஸ்ஜேக் என்ற பெயரில் வெளிவந்த குறைபாடு, பல கம்பெனிகளின் ரிசீவருக்குள் வெளியாள் விசையழுத்தங்களை நுழைக்க முடியும் என்று காட்டியது. கே.வி.எம். பெட்டிக்குப் பின்னால் சர்வர்கள் இருந்தால் அந்த ஒரு ரிசீவர் எல்லாவற்றுக்கும் வாசல். உயர் பாதுகாப்பு இடங்களுக்கென்றே செய்யப்படும் பாதுகாப்பு கே.வி.எம்.கள் வயர்லெஸ் சாதனங்களை ஏற்பதில்லை. அங்கே ரிசீவர் ஓடவில்லை என்றால் அது பழுதே அல்ல, ஓட வைக்கவும் முயல வேண்டாம்.

கீபோர்டில் ரிசீவரே இல்லை, புளூடூத் மட்டும்தான்

பழைய பெட்டிக்கு புளூடூத் தெரியாது. சாதாரண புளூடூத் டாங்கிளை எமுலேஷன் சாக்கெட்டில் செருகினால், சிப்புக்கு அது கீபோர்டாகத் தெரியாது, டாங்கிளாகத்தான் தெரியும். திரிசூலச் சாக்கெட்டில் செருகினால் கணினிக்குக் கணினி கீபோர்டைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டிவரும், பயாஸிலும் பெரும்பாலும் ஓடாது. கைவேலை தெரிந்தவர்கள் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி ஒன்றை நடுவில் வைத்து, ஒரு பக்கம் புளூடூத்தில் கேட்டு மறுபக்கம் யு.எஸ்.பி. கீபோர்டாக நடிக்க வைக்கிறார்கள். நன்றாகவே ஓடும். ஆனால் அது ஆன் ஆகி எழ நேரம் பிடிப்பதால், அதன் கரண்டை எப்போதும் விட்டுவைக்க வேண்டும்.

அதற்கெல்லாம் நேரமில்லை என்றால், மூன்று கணினியோடு சேர்த்துவைத்து ஒரு பொத்தானில் மாறிக்கொள்ளும் கீபோர்டும் மவுஸும் இப்போது கிடைக்கின்றன. ஒவ்வொரு கணினியிலும் புளூடூத்தோ ரிசீவரோ இருந்தால் போதும். பழைய பெட்டியை மானிட்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கீபோர்டு சாக்கெட்டில் அந்தப் பழைய வயர் கீபோர்டை விட்டுவையுங்கள். பயாஸுக்குள் போக வேண்டிய அன்று அதுதான் கைகொடுக்கும்.